பழைய காரில் வீல் பேரிங் சத்தம்: கழற்றும் முன் எந்தச் சக்கரம் என்று உறுதி செய்யுங்கள்

கேள்வி: கார் வாங்கி 14 வருடம் ஆகிறது. 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் 'ஊஊ' என்று ஒரு சத்தம் வருகிறது, வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. வீல் பேரிங் போய்விட்டது என்கிறார்கள். உடனே மாற்ற வேண்டுமா? நாமே மாற்றலாமா? இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

பதில்:

என்னிடம் இருந்ததும் ஏறக்குறைய இதே வயதுக் கார், இதே சத்தம். அவசரப்பட்டு, நன்றாக இருந்த ஒரு பேரிங்கை மாற்றிவிட்டேன். கெட்டுப்போனது அப்படியே வண்டியில் இருந்தது. அதனால்தான் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறேன்: கெட்டது எந்தச் சக்கரத்தின் பேரிங்?

அதற்கும் முன்னால், சத்தம் பேரிங்கிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் சத்தம் வரும் வேகத்தில் போய், கிளட்சை மிதித்து வண்டியைத் தானாக ஓட விடுங்கள். என்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் மாறாமல் இருந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. அங்கே பேரிங்கைப் போலவே ஏமாற்றக்கூடியது டயர். மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர் அச்சு அசலாகப் பேரிங் மாதிரியே உறுமும். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் சந்தேகம் டயர் மேல் போகட்டும். தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறும்போது சத்தத்தின் தன்மையே மாறினாலும் டயராக இருக்க வாய்ப்பு அதிகம். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று வந்தால் அது என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு (டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்), வேறு கதை.

இனி எந்தப் பக்கம் என்பது. வண்டி வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும், இடப்பக்கம் வளைந்தால் வலப்பக்கச் சக்கரங்களின் மேல். அகலமான காலிச் சாலையில் மிதமான வேகத்தில் மெல்ல இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது உறுமல் ஏறி, இடப்பக்கம் வளைக்கும்போது அடங்கினால் இடப்பக்கப் பேரிங் மேல் சந்தேகம் வைக்கலாம்.

நான் சறுக்கியது இங்கேதான். இந்தச் சோதனையைச் சரியாகவே செய்தேன், இடப்பக்கம் என்று பதிலும் கிடைத்தது. காதுக்கு என் காலடியிலிருந்து வருவது போல இருந்ததால் முன்சக்கரம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மெக்கானிக்கிடமும் "இடது முன் பேரிங்" என்று அடித்துச் சொன்னேன், அவரும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியிலேயே அதே உறுமல். வளைத்துப் பார்க்கும் சோதனை இடமா வலமா என்பதைத்தான் சொல்லும், முன்னா பின்னா என்பதைச் சொல்லாது. காரின் உடல் முழுக்க ஒரே இரும்புக் கூடு, சத்தம் அதன் வழியாக எங்கே வேண்டுமானாலும் போய் ஒலிக்கும். கெட்டது இடது பின் பேரிங்.

அதைக் காட்டிக் கொடுத்தது காது அல்ல, கை. சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வேலை செய்யாதீர்கள். என்ஜின் அணைந்திருக்கட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பின் சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக்கும் விடுபட்டிருக்கட்டும். இப்போது ஒரு கையால் சஸ்பென்ஷன் சுருள் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங்கில் ஸ்பிரிங் அமைதியாக இருக்கும். கெட்ட பேரிங்கில் உள்ளே மணலைப் போட்டு அரைப்பது போன்ற அதிர்வு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். பிரேக் பேடு உரசினால் 'ஸ்ஸ்' என்று மெல்லிய இழுவைதான் இருக்கும், அந்த மணல் அதிர்வு இருக்காது. நான்கு சக்கரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். நல்லதைத் தொட்ட கைக்குத்தான் கெட்டது தெரியும்.

பலரும் செய்வது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. அதுவும் வேண்டியதுதான், ஆனால் ஆட்டம் இல்லை என்பதால் பேரிங் நல்லது என்று ஆகிவிடாது. குண்டுகள் இரண்டு வரிசையாக அமைந்த இன்றைய பேரிங்குகள் ஆட்டம் காண்பதற்கு வெகு முன்னாலேயே சத்தம் போடத் தொடங்கிவிடும். என் காரில் கெட்ட சக்கரத்தில் துளி ஆட்டம்கூட இல்லை. ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனையாக இருக்கலாம்.

உடனே மாற்ற வேண்டுமா என்று கேட்டீர்கள். மெல்லிய உறுமல் மட்டும் என்றால் வேலைக்கு ஏற்பாடு செய்யும் சில நாட்கள் ஊருக்குள் நிதானமாக ஓட்டுவேன். நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போக மாட்டேன். உறுமல் கரகரப்பாக மாறினாலோ, ஆட்டம் வந்தாலோ, ஓட்டி நிறுத்தியதும் அந்த ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டாலோ வண்டியை நகர்த்தவே மாட்டேன். ஆட்டம் வந்த பேரிங்கில் டிஸ்க்கும் சேர்ந்து ஆடி பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முறை பிரேக்கை மிதிக்கும்போது பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிவதும் இதன் அடையாளமாக இருக்கலாம், சக்கர வேகத்தை அளக்கும் சென்சாருக்கும் அதன் எதிரே சுற்றும் வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறிவிடுவதால். இதற்கும் மேல் ஓட்டினால் பேரிங் இறுகிச் சக்கரம் நின்றுவிடலாம், சக்கரமே கழன்றும் போகலாம். இதில் தயவுசெய்து துணிச்சல் காட்டாதீர்கள்.

நாமே மாற்றலாமா என்பது உங்கள் காரில் என்ன வகை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஹப்பும் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) பேரிங்கும் ஒரே உருப்படியாக, போல்ட்டில் மாட்டும் வகை என்றால் பொறுமையும், இறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சும் இருப்பவர் செய்யலாம். துருதான் எதிரி: பழைய காரில் ஏபிஎஸ் சென்சார் துளையிலேயே பிடித்துக்கொண்டு, இழுத்தால் உடைந்து வரும். முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள்.

பேரிங்கைத் தாங்கும் இரும்புப் பாகமான நக்கிளுக்குள் அழுத்திப் பொருத்தும் வகை என்றால், கழற்றிய நக்கிளைப் பிரஸ் (அழுத்தும் இயந்திரம்) இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம். தேவையில்லாமல் மாற்றினேனே, அந்த இடது முன் பேரிங், ஒரு வருடம் முடிவதற்குள் அதுவும் சத்தம் போட ஆரம்பித்தது. அதைச் சுத்தியலால் அடித்து இறக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்கத் தெரியவில்லை. பேரிங்கை நக்கிளுக்குள் இறக்கும்போது விசை வெளி வளையத்தின் மேல் மட்டும்தான் விழ வேண்டும். ஹப்பை அதற்குள் செலுத்தும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். வளையம் மாறினால் அத்தனை விசையும் பேரிங் குண்டுகள் வழியாகக் கடந்துபோய், அவை உருளும் ஓடுபாதையில் நுண்ணிய பள்ளங்களைப் பதித்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பேரிங் அந்த நிமிடமே கெட்டுவிடும், சத்தமாக வெளியே தெரியத்தான் நாளாகும். சக்கரம் வேகமாகச் சாலைக் குழியில் விழும்போது நடப்பதும் இதுதான்.

இன்னொன்று, சில பேரிங்குகளில் கிரீஸைக் காக்கும் மூடியான சீலில், ஒரு பக்கத்தில், ஏபிஎஸ்ஸுக்கான காந்தப் பட்டை இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். குண்டூசியை அருகே கொண்டுபோனால் எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும். திருப்பிப் போட்டால் எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற வேண்டியதுதான், கழற்றும்போது அந்தப் பேரிங்கும் போய்விடும். ஹப்பை ஆக்சிலோடு பிடிக்கும் ஆக்சில் நட்டைப் புதிதாகவே போடுங்கள். பல கார்களில் அதன் இறுக்கம் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும், உங்கள் காருக்கான சரியான அளவைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். அந்த நட்டை இறுக்காமல் வண்டியின் பாரத்தைச் சக்கரத்தில் இறக்கக் கூடாது. பேரிங்கின் உள் வளையங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பதே பல கார்களில் அந்த நட்தான்.

உங்களுடையது இன்னும் பழைய அமைப்பு, உருளைகள் சாய்வாக அமைந்த டேப்பர் பேரிங் என்றால் எனக்கு மகிழ்ச்சி. ஹென்றி டிம்கென் 1898இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பைப் போலக் கையாளச் சுகமானது வேறில்லை. கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம். உருளையிலோ வெளி வளையத்திலோ புள்ளிக் குழிகளோ நீலம் பாய்ந்த நிறமோ இருந்தால் உருளைத் தொகுதி, வெளி வளையம் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். நன்றாக இருந்தால் உள்ளங்கையில் வீல் பேரிங் கிரீஸை வைத்து, உருளைகளுக்கு நடுவே மறுபுறம் பிதுங்கும்வரை அடைத்து, புது சீல் போட்டு மாட்டலாம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் இறுகும் அளவில் நிறுத்துங்கள். நட் கழலாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள். இந்த வகையில் மிக நுண்ணிய ஒரு ஆட்டம் இருப்பதே சரி. முழுக்க இறுக்கினால் சூடேறி வெந்துவிடும்.

இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றத் தேவையில்லை. பிரேக் பேடைப் போல இதற்கு ஜோடிக் கணக்கு கிடையாது. ஒரு பக்கம் குழியில் விழுந்து கெட்டிருக்கலாம், மறு பக்கம் இன்னும் பல வருடம் ஓடும். கார் ஹப் மூழ்கும் அளவு தண்ணீரில் நின்றிருந்தால் மட்டும் மற்ற மூன்றையும் ஸ்பிரிங்கில் கை வைத்துச் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.