71 வயசு அப்பாவுக்கு ஹார்ட் பம்ப் வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயசு. ரெண்டு அட்டாக் வந்து ஸ்டென்ட் வச்சாச்சு, இப்ப பம்பிங் 18 சதவீதம் தான்னு எக்கோல வந்துருக்கு. ஹார்ட் மாத்த வழியில்ல, எல்வேட்னு ஒரு மெஷின் வைக்கலாம்ங்கறார் டாக்டர். அண்ணன் உடனே வைக்கணும்ங்கறான், அம்மா பயப்படறாங்க. இந்த வயசுல தாங்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: அம்மா பயப்படறது நியாயம் தாங்க. ஆனா இதுல ஹார்ட்ட எடுக்கறதில்ல, அது அங்கயே தான் இருக்கும், இடது கீழறை நுனியில ஒரு சின்ன பம்ப்ப வச்சு அது ரத்தத்த இழுத்து மகாதமனிக்கு, அதாவது உடம்பு பூரா ரத்தம் கொண்டு போற பெரிய குழாய்க்கு தள்ளும், அதோட வயர் வயித்து பக்கமா தோல் வழியா வெளிய வந்து இடுப்புல இருக்கற கண்ட்ரோலருக்கும் ரெண்டு பேட்டரிக்கும் போகும். ரத்தம் நிக்காம ஓடிட்டே இருக்கறதால நிறைய பேருக்கு கையில நாடியே தெரியாது, பதறிடாதீங்க.

வயசு மட்டும் தடை இல்ல. அமெரிக்க துணை ஜனாதிபதியா இருந்த டிக் சேனிக்கு 5 அட்டாக் வந்தப்புறம் 2010ல 69 வயசுல இத வச்சாங்க, 2012ல மாற்று இதயம் கிடைச்சு 84 வயசு வரைக்கும் இருந்தார். உங்க அப்பாவுக்கு அந்த ரெண்டாவது கட்டம் இல்ல, இந்த பம்ப்போடயே தான் இருக்கணும், அத மறக்காதீங்க. 2001ல மாற்று இதயத்துக்கு வழியில்லாதவங்கள வச்சு செஞ்ச ஆய்வுல, பழைய மாடல் பம்ப் வச்சவங்கள்ல 2 வருஷம் தாண்டுனது 23 சதவீதம், வெறும் மாத்திரைல இருந்தவங்கள்ல 8 சதவீதம். இப்ப வர்ற ஹார்ட்மேட் 3ங்கற புது மாடல் பம்ப்ல 5 வருஷம் தாண்டுறவங்களே 58 சதவீதம், அதுல 70 தாண்டாதவங்களும் நிறைய சேர்த்தி, அதனால அப்பாவுக்கு கொஞ்சம் குறைச்சே கணக்கு போடுங்க. வயசானவங்களுக்கு குடல்ல ரத்தக்கசிவு அதிகம், ஸ்ட்ரோக் பயம் உண்டு, வயர் வெளிய வர்ற இடத்துல சீழ் பிடிக்கலாம், ஆயுசு பூரா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடணும். வலது பக்க ஹார்ட், கிட்னி, லிவர் எப்படி இருக்கு, அவரால எழுந்து நடமாட முடியுதா, இதெல்லாம் வயச விட முக்கியம், டாக்டர்கிட்ட ஒன்னொன்னா கேளுங்க.

அப்புறம் வீடு. நான் பார்த்த ஒரு பெரியவருக்கு எல்லாம் பண்ணது அவர் சம்சாரம் தான், அதிகம் படிக்காதவங்க. பேட்டரி மாத்தறப்ப சத்தமா சொல்லிக்குவாங்க, "ஒன்ன கழட்டு, புதுச மாட்டு, லைட்ட பாரு, அப்புறம் தான் அடுத்தது". ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டவே கூடாது, அந்தம்மா ஒரு நாளும் தப்பு பண்ணல. அந்த வயர் இடத்துக்கு கை கழுவி கிளவுஸ் மாட்டி டிரெஸ்ஸிங் போடணும், ஆத்துல குளத்துல முங்கி குளிக்கறது கிடையாது, கரண்ட் போனா என்ன பண்றதுன்னு முன்னாடியே ஏற்பாடு வேணும். வைக்க சொல்ற அண்ணன் பக்கத்துல இருக்காரா, இல்ல எல்லாம் அம்மா தலைலயான்னு உக்காந்து பேசுங்க.

உங்க லெட்டர்ல அண்ணன் சொல்றது இருக்கு, அம்மா பயம் இருக்கு, அப்பா என்ன சொல்றார்னு ஒரு வரி கூட இல்லையேம்மா. அடுத்த தடவ அவரையும் டாக்டர் ரூமுக்குள்ள கூட்டிட்டு போங்க, ஏற்கனவே வச்சவர் யாரையாவது பார்க்க முடியுமான்னு கேளுங்க, அந்த பேட்டரி பைய அப்பாவே தோள்ல மாட்டி பார்க்கட்டும்.