நாளெல்லாம் கைபேசியில் பேசுவதால் வரும் காது வலி: பதில்

வணக்கம் ஐயா. காப்பீட்டு முகவர் வேலைக்காக நாளெல்லாம் கைபேசியை வலது காதிலேயே வைத்துப் பேசுவதாகவும், மாலையில் காது மடல் சூடாகி வலிப்பதாகவும், சில இரவுகளில் உள்ளே இரைச்சல் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மடல் வலிக்கு, குருத்தெலும்பின் மேல் கைபேசியை நெடுநேரம் அழுத்திப் பிடிப்பதும் அதன் சூடுமே பெரும்பாலும் காரணம். காதை மாற்றிப் பேசினாலோ ஸ்பீக்கரில் போட்டாலோ அது தணிந்துவிடும்.

இரைச்சலைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். பேருந்து நிலையத்திலோ கடைத்தெருவிலோ நின்று பேசும்போது, எதிர்முனைக் குரல் சரியாகக் கேட்கவில்லையென்று ஒலியளவை முழுவதுமாக ஏற்றிவிடுகிறோம். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், 90 டெசிபலுக்கு வெறும் 4 மணி நேரத்தையே வரம்பாக வைக்கிறது. ஆகவே சந்தடியில் வரும் அழைப்பை "பிறகு கூப்பிடுகிறேன்" என்று முடித்துக்கொண்டு, அமைதியான இடத்துக்கு வந்தபின் ஒலியைக் குறைத்துப் பேசுங்கள். வாடிக்கையாளர் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காதுக்குள் செருகும் இயர்போனுக்கு மாறுவதானால், அதன் ரப்பர் முனையை அடிக்கடி துடைத்து, காது ஈரமாக இருக்கும்போது அணிவதைத் தவிருங்கள். வலிக்கிறதென்று எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் பட்ஸால் குடைவதும் வேண்டாம். இரைச்சல் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு காது திடீரென மந்தமானால் அன்றைக்கே போய்விடுங்கள்.