கஞ்சா அவருக்கு என்ன வேலை செய்கிறது?

கேள்வி: நான் பொது மருத்துவர். தனியாக நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. 23 வயது இளைஞன் ஒருவன் ஆறு மாதத்தில் நான்கு முறை ஓயாத வாந்தியோடு வந்தான். எண்டோஸ்கோபி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதிலும் காரணம் தெரியவில்லை. நான்காவது முறை கூட வந்த அம்மா, “வாந்தி வந்தால் பாத்ரூமுக்குள் போய் மணிக்கணக்கில் வெந்நீரில் நிற்கிறான்” என்றார். எனக்குப் பொறி தட்டியது. அம்மாவுக்கு முன்னாலேயே “கஞ்சா பிடிக்கிறாயா?” என்று கேட்டுவிட்டேன். இல்லவே இல்லை என்றான். அப்புறம் ஒரு மாதம் வரவில்லை. போன வாரம் தனியாக வந்தான். இரண்டரை வருடமாகத் தினமும் பிடிப்பதாகவும், இரண்டு முறை விட்டுப் பார்த்து, தூக்கமே வராமல் மறுபடி ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னான். தூக்க மாத்திரை கேட்டான். நான் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன். சிறுநீர்ப் பரிசோதனை செய்து முடிவைத் தன்னிடம் சொல்லும்படி அம்மா தினமும் போன் செய்கிறார். இது வெறும் பழக்கமா, நோயா என்று எப்படிப் பிரிப்பது? என் கிளினிக்கிலேயே வைத்துச் சிகிச்சை கொடுக்கலாமா?

– ஓர் இளம் மருத்துவர்

அன்புள்ள டாக்டர்,

‘போன வாரம் தனியாக வந்தான்’ என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு முன்னால் தலைகுனிய நேர்ந்த ஒருவர் ஒரு மாதம் கழித்து அதே டாக்டரைத் தேடி வந்து உண்மையைச் சொல்கிறார் என்றால், உங்கள் மேல் அவருக்கு நம்பிக்கை மிச்சமிருக்கிறது. நீங்கள் கேட்டது தவறில்லை, கேட்ட இடம்தான் தவறு. அடுத்த முறை பார்க்கும்போது, “அன்றைக்கு அம்மா இருக்கும்போது கேட்டிருக்கக் கூடாது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கடிதம் முழுக்க ‘அவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வயதில் சிறியவர்களை அப்படிச் சொல்வது நம் பேச்சில் இயல்புதான். ஆனால் சர்க்கரை நோய் உள்ள 23 வயதுக்காரரைப் பற்றி எழுதியிருந்தால் உங்கள் பேனா ‘அவர்’ என்றுதான் எழுதியிருக்கும் என்று நினைக்கிறேன். போதை என்ற சொல் வந்ததும் விகுதி மாறிவிடுகிறது. விகுதி மாறினால் குரலும் மாறும், அதை நோயாளி உடனே கண்டுகொள்வார். கேஸ் ஷீட்டில் ‘கஞ்சா அடிமை’ என்று எழுதாதீர்கள். எவ்வளவு, எத்தனை நாள், என்ன பாதிப்பு என்று எழுதுங்கள்.

வாந்தியைப் பற்றி நீங்கள் ஊகித்தது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நீண்ட நாள் கஞ்சா பிடிப்பவர்களுக்கு அடிக்கடி வரும் இந்த வாந்தியையும், அதோடு ஒட்டி வரும் வெந்நீர்க் குளியலையும் 2004-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தார்கள். இதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம், கஞ்சா குமட்டலைக் குறைக்கும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பதுதான். அதனால் வாந்தி வரும்போது நோயாளி இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கிறார். அடுத்த முறை வாந்தியோடு வந்தால் முதலில் நீரிழப்பைச் சரிசெய்யுங்கள், பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் பாருங்கள். சிறுநீரகம் பழுதாகும் அளவுக்கு இது போகக்கூடும். வாந்திக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் பலருக்குக் கேட்பதில்லை. 2020-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், மனநோய்க்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் அதைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் பொட்டாசியம் குறைந்திருக்கும் நேரத்தில் ஈசிஜி பார்க்காமல் கொடுக்க வேண்டாம். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் கலந்த களிம்பை வயிற்றின்மேல் தடவினாலும் சிலருக்கு ஆறுதல் கிடைக்கிறது. வெந்நீரின் சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் அது தூண்டுகிறது. இவையெல்லாம் அந்த நேரத்துக்கான உதவி மட்டுமே. நோய் நிற்க வேண்டுமானால் கஞ்சா நிற்க வேண்டும், அதுவும் முழுதாக. வேறு சிலரிடம் ‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்பதே நல்ல முதல் இலக்காக இருக்கும். இவருக்கு அது போதாது.

பழக்கமா நோயா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அளவை வைத்து அளக்காதீர்கள். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இதற்கு 11 அடையாளங்களைச் சொல்கிறது. கடந்த 12 மாதத்தில் இரண்டு இருந்தாலே நோய் என்று சொல்லலாம். இரண்டு, மூன்று என்றால் லேசானது. நான்கு, ஐந்து நடுத்தரம். ஆறும் அதற்கு மேலும் கடுமையானது. இவர் விட முயன்று முடியாமல் போனது ஒன்று, விட்டபோது உடல் முரண்டியது இரண்டு என ஏற்கெனவே இரண்டு கைக்கு வந்துவிட்டன. ‘கேடு செய்கிறது என்று தெரிந்தும் தொடர்கிறார்’ என்ற அடையாளத்தை மட்டும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். வாந்திக்குக் கஞ்சாதான் காரணம் என்று அவருக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை. நீங்கள் சொன்ன பிறகும் தொடர்ந்தால்தான் அது கணக்கில் சேரும். நேரம் இல்லாத நாளில் கியூடிட்-ஆர் என்ற எட்டுக் கேள்வித் தாளைக் காத்திருக்கும்போதே நிரப்பச் சொல்லலாம். 32-க்கு 8 வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. 12 வந்தால் நோய் இருக்கிறதா என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆனால் நான் எந்தத் தாளையும் விட ஒரு கேள்வியைத்தான் நம்புகிறேன்: “இது உங்களுக்கு என்ன வேலை செய்து கொடுக்கிறது?” ஒருவர் தூங்குவதற்கு என்பார். ஒருவர் நாலு பேருக்கு நடுவில் நிற்க முடிவதற்கு என்பார். இன்னொருவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அது இல்லாவிட்டால் சாயங்காலத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை” என்பார். வருகிற பதிலில்தான் உங்கள் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. வேலைக்காரரை நீக்கிவிட்டு அந்த வேலைக்கு வேறு யாரையும் வைக்காமல் விட்டால், போனவரே திரும்பி வந்துவிடுவார். உங்கள் நோயாளிக்கு அந்த வேலை தூக்கம். இரண்டு முறையும் அவர் தோற்றது அங்கேதான்.

கஞ்சா பிடிக்கிறீர்களா என்பதை எல்லோரிடமும் கேளுங்கள், சந்தேகம் வருபவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். என் ஆரம்ப வருடங்களில் ஒரு பெண்மணிக்குப் பதற்றம் என்று மூன்று வருடம் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒருநாள் அவரே, இரவுதோறும் கஞ்சா புகைப்பதாகச் சொன்னார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். “நீங்கள் கேட்கவே இல்லையே” என்றார். நாற்பது வயது, பொறுப்பான வேலை, இரண்டு பிள்ளைகள். கஞ்சா பிடிப்பவர் என்று என் மனதில் இருந்த உருவத்துக்குள் அவர் அடங்கவில்லை, அதனால் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த மூன்று வருடம் இன்றும் எனக்கு உறுத்துகிறது. இப்போது புகையிலை, மது, கஞ்சா மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே குரலில், தனி அறையில் எல்லோரிடமும் கேட்கிறேன். சரியாகாத தூக்கமின்மை, மருந்துக்குக் கட்டுப்படாத பதற்றம், ஞாபகம் தப்புகிறது என்ற புகார், காரணமின்றிச் சரியும் படிப்பு, இதுபோன்ற வாந்தி என்று வருபவர்களிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறேன்.

தூக்கத்துக்கு வருவோம். உங்கள் உதவி அவருக்கு அதிகம் தேவைப்படும் இடம் இது. நம் மூளை தனக்குத் தானே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992-இல் அதைப் பிரித்தெடுத்தவர்கள் ‘ஆனந்தம்’ என்ற சொல்லை எடுத்து அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். அது போய் உட்காரும் சிபி1 ஏற்பிகள், தினமும் வெளியிலிருந்து கஞ்சா வந்து குவியும்போது எண்ணிக்கையில் குறைந்துவிடுகின்றன. நிறுத்திய இரண்டு நாளிலேயே அவை மீளத் தொடங்குவதையும், நான்கு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வருவதையும் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த இடைவெளிதான் வித்ட்ராயல், அதாவது பழகியதை நிறுத்தும்போது உடலும் மனமும் படும் அவதி. கடைசியாகப் பிடித்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை, தலைவலி, மனச்சோர்வு என்று ஆரம்பிக்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். தூக்கக் குறைவும் விசித்திரமான கனவுகளும் மட்டும் ஒரு மாதத்துக்கு மேலும் நீடிக்கலாம்.

இதை அவரிடம் முன்கூட்டியே, நாள் கணக்கோடு சொல்லுங்கள். மூன்றாம் நாள் இரவு தூக்கம் வராமல் புரளும்போது, “கஞ்சா இல்லாமல் என் மனசு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது” என்று நோயாளி முடிவு கட்டிவிடுகிறார். அது மூளை மீண்டுகொண்டிருக்கும் இரவு என்று தெரிந்தவர் இன்னொரு நாள் தாக்குப்பிடிப்பார். பயங்கரக் கனவு வந்தால் பயப்பட வேண்டாம், கஞ்சா அமுக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் திரும்பி வருகிறது என்று சொல்லுங்கள். நான் இதைச் சொல்லி அனுப்பிய பலர் மறுவாரம் வந்து, “நீங்கள் சொன்ன மாதிரியே கனவு வந்தது டாக்டர்” என்று கிட்டத்தட்ட மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார்கள்.

தூக்க மாத்திரை கொடுக்காதது சரியா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தத் தயக்கம் தெரிகிறது. அன்றைக்குக் கொடுக்காதது சரி. நிறுத்தும் நாளைக் குறித்த பிறகு, மிகச் சில இரவுகளுக்கு, எண்ணிக் கொடுத்து, தீர்ந்ததும் நிறுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளை வாரக்கணக்கில் ஓட விட்டால் ஒன்றை நிறுத்தி இன்னொன்றைப் பிடிக்கவைத்தவர்களாகிவிடுவோம். கஞ்சாவோடு புகையிலையைக் கலந்து பிடிக்கிறாரா என்றும் கேளுங்கள். அப்படியானால் நிகோட்டின் வித்ட்ராயலும் சேர்ந்து வரும். நிகோட்டின் பட்டையோ சூயிங்கமோ கொடுத்தால் பாதிச் சுமை இறங்கும்.

கஞ்சாவை விடுவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. மனச்சோர்வும் இருக்கிறதே என்று அதற்கான வென்லஃபாக்சின் மருந்தைக் கொடுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து எடுத்தவர்கள் கஞ்சாவைக் குறைக்கவில்லை, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகம் பிடித்தார்கள். நம் கையில் இருப்பது பேச்சுதான். அதைக் குறைவாக எண்ணாதீர்கள். 2004-இல் வெளிவந்த 450 பேர் கொண்ட ஓர் அமெரிக்க ஆய்வில், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட இரண்டு அமர்வு பேசியவர்கள் முன்னேறினார்கள். ஒன்பது அமர்வு பேசியவர்கள் அவர்களையும்விட நன்றாக இருந்தார்கள். ஒவ்வொரு அமர்விலும் பெரிய தத்துவம் தேவையில்லை. எந்த நேரத்தில் கை போகிறது, யாரோடு இருக்கும்போது, அந்த அரை மணி நேரத்துக்கு மாற்றாக என்ன செய்யலாம், ஒருநாள் சறுக்கினால் மறுநாள் காலையில் யாருக்குப் போன் செய்வது. இதை உங்கள் கிளினிக்கிலேயே செய்யலாம். அவர் விட வேண்டிய காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் வாயிலிருந்து வரட்டும். வந்ததும் அதே வார்த்தைகளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சில விஷயங்களில் மட்டும் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்: காதில் குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிப்பதாக நம்புவது, தற்கொலை எண்ணம், வேறு போதைப்பொருளும் சேர்ந்திருப்பது. தினமும் பிடிப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய் வரும் வாய்ப்பு, ஒருபோதும் பிடிக்காதவர்களைவிட சுமார் மூன்று மடங்கு என்று 2019-இல் வந்த பல நாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் பிடிப்பவர்களுக்கு ஐந்து மடங்குக்கு அருகில். ஆகவே குடும்பத்தில் யாருக்காவது அத்தகைய நோய் இருந்ததா என்று அவசியம் கேளுங்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை உங்கள் கேள்விக்குப் பதில் தராது. தினமும் பிடித்தவர் நிறுத்தி ஒரு மாதம் ஆன பின்னும் அது பாசிட்டிவ் காட்டலாம். செயற்கைக் கஞ்சா வகைகளைச் சாதாரணச் சோதனை காட்டாது. நோய் இருக்கிறதா என்பதை அது எப்போதுமே சொல்லாது. அவரே உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு, அவருக்குத் தெரியாமல் சோதித்து அம்மாவிடம் சொன்னால் அவர் மறுபடி வரமாட்டார். அவர் வயது வந்தவர், முடிவு அவருடையது. அம்மாவிடம், “உங்கள் மகனைப் பற்றி அவர் அனுமதி இல்லாமல் என்னால் பேச முடியாது. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்கலாம்” என்று சொல்லிக் காது கொடுங்கள். அந்தத் தினசரி போனுக்குப் பின்னால் இருப்பது பயம். வெந்நீரைக் கவனித்துச் சொன்னவர் அவர்தான். அவர் இல்லாமல் உங்களுக்கு இந்த நோய் பிடிபட்டிருக்காது. மகன் சம்மதித்தால் மூவருமாக உட்காருங்கள், வித்ட்ராயல் நாட்களில் அவர் காட்டும் எரிச்சலை எப்படி எடுத்துக்கொள்வது என்று அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த வாரம் அவர் வரும்போது வாந்திக்கும் கஞ்சாவுக்கும் உள்ள தொடர்பை நிதானமாக விளக்குங்கள். நிறுத்தும் நாளை அவரே குறிக்கட்டும். அந்த நாளிலிருந்து மூன்றாம் நாள் உங்களிடமிருந்து ஒரு போன், ஏழாம் நாள் ஒரு சந்திப்பு. இரண்டையும் அவர் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே தேதி போட்டுக் கையில் கொடுங்கள். இடையில் பிடித்துவிட்டாலும் அந்தச் சந்திப்புக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.