அடுத்த புளோக்கில் இறங்கிய பெண்

அன்புள்ள ஐயா,
எங்கள் பிடிஓ வீட்டுக்கு (அரசிடம் முன்பதிவு செய்து வாங்கிய வீடு) எதிரே, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வாடகை புளோக் எழும்புகிறது. அக்கம்பக்கத்தில் முணுமுணுப்பு. அமெரிக்காவில் மானிய வீடுகள் ஏழ்மைக் குடியிருப்புகளாகச் சீரழிந்தன, இங்கும் அதுதான் நடக்கும் என்கிறார் என் மைத்துனர். மானிய வீடுதான் ஏழ்மையை ஓரிடத்தில் சேர்க்கிறதா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ பத்துக்கு எட்டுப் பேர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய வீட்டில் இருக்கிறோம். ஆசிரியரும் டாக்சி ஓட்டுநரும் ஒரே மின்தூக்கியில் ஏறுகிறார்கள். மானிய வீடு வாங்கியதால் இங்கே யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஏழ்மையைச் சேர்த்துவைப்பது அனுமதி விதி: யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் புரூயிட்-ஐகோ என்ற மானியக் குடியிருப்பு 1950களில் எழுந்தது. 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. கட்டுமானத்துக்கு மத்திய அரசு பணம் தந்தது; பராமரிப்பை வாடகையிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரளவு வசதி வந்தவர்கள் வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்களின் வாடகை மின்தூக்கியைச் சரிசெய்யக்கூடப் போதவில்லை. வீடுகள் காலியாகக் காலியாக வாடகை இன்னும் வற்றியது. 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள்.

நம் வாடகை புளோக்குகளுக்கு நகர மன்றம் இருக்கிறது, துப்புரவு நடக்கிறது. ஆனாலும் குடும்ப வருமானம் மாதம் 1,500 வெள்ளிக்குள் என்பதைப் பல ஆண்டுகளாக அளவுகோலாக வைத்து ஒரு புளோக்கை நிரப்பினால் அங்கே யார் சேர்வார்கள்? வெளியிலிருந்தே தெரிந்துவிடும்: நீண்ட நடைவழி, கதவை ஒட்டிக் கதவு.

ஒருமுறை பள்ளியில் தமிழ் விவாதப் பயிற்சி முடிந்து, நல்ல மழையில் மாணவிகள் இருவரைக் காரில் கொண்டுபோய் விட்டேன். "இந்த புளோக்தான் அங்கிள்" என்று ஒருத்தி இறங்கிக் கையசைத்தாள். வண்டி திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். புத்தகப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி பின்னாலிருந்த வாடகை புளோக்குக்கு ஓடிக்கொண்டிருந்தாள். நன்றாக வாதாடுகிற பெண். தோழியிடம் தன் வீட்டை மறைக்க வேண்டியிருந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

1989இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தபோது, பேட்டைக்கு மட்டுமல்லாமல் ஒவ்வொரு புளோக்குக்கும் இன விகிதம் வைத்தார்கள். சீனர் விகிதம் நிரம்பிய புளோக்கில் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாமல் விலையைக் குறைத்துக்கொண்ட தமிழர்கள் உண்டு. அந்த வலியையும் தாங்கிக் கலந்து வாழ்கிறோம். வருமானத்தில் மட்டும் ஏழைகளை எதிர் புளோக்கில் வைப்பதோடு ஏன் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

அக்கம்பக்கம் பிள்ளைகளை மாற்றும் என்பதற்குச் சான்று உண்டு. 1994இல் தொடங்கி அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், ஏழ்மை குறைந்த பகுதிக்குக் குடிபோகச் சில குடும்பங்களுக்கு வாடகை உதவி தந்தார்கள். 13 வயதுக்கு முன் இடம்மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில், அந்த உதவி கிடைக்காத குடும்பங்களின் பிள்ளைகளைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று பொருளியலாளர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் கண்டறிந்தார்கள்.

உங்களுக்குப் பக்கத்தில் மார்சிலிங்கிலேயே வாடகை வீட்டையும் சொந்த வீட்டையும் ஒரே புளோக்கில் கட்டியிருக்கிறார்கள். ஒருநாள் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பிறகு மக்கள் சந்திப்பு நாளில் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்: எதிரே வரும் வாடகை வீடுகளை எங்கள் புளோக்கிலேயே ஏன் வைக்கவில்லை?