தேவாலய மணியடிப்பில் ‘கால் சேஞ்சஸ்’ அழைப்புகளைப் பின்பற்ற முடியவில்லை; எனக்குக் கணக்கு வராததுதான் காரணமா?

ஆறு மணிகள் உள்ள ஓர் இங்கிலாந்துக் கோபுரத்தில் எட்டு மாதங்களாகக் கற்று வருவதாகவும், மணியைத் தனியாகக் கையாள்வதிலும் எண் வரிசைப்படி ரவுண்ட்ஸ் அடிப்பதிலும் சிக்கல் இல்லை என்றும், வரிசையை மாற்றக் குரல் கொடுக்கும் கண்டக்டர் அழைப்புகளைத் தொடங்கியவுடன் யாருக்குப் பின்னால் அடிப்பது என்று தெரியாமல் திகைத்துவிடுவதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் கணக்கில் தேறாதவர் இதை விட்டுவிடுவதே மேலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காரணம் கணக்கு இல்லை. நான் இருபது ஆண்டுகளாகக் கணக்காளராக வேலை பார்ப்பவன். அப்படியிருந்தும் இதே இடத்தில் ஓராண்டுக்கு மேல் தடுமாறினேன். உங்களை நான் பார்த்ததில்லை என்றாலும், நீங்கள் செய்யும் தவறு எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது: உங்கள் எண்ணைக் கண்டக்டர் எப்போது சொல்லுவார் என்று காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது நம் பெயர் வரும் வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்து, பெயர் காதில் விழுந்ததும் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லிவிட்டு மீண்டும் சன்னலுக்கே திரும்பிப் பழகியவர்கள் நாம். கால் சேஞ்சஸுக்கு அந்தப் பழக்கம் ஆகாது.

இந்தப் பக்கத்துக்கு வரும் மற்றவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கிலாந்துக் கோபுரங்களில் மணி ஒரு பெரிய சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் அது வாய் மேல்நோக்கிய நிலையிலிருந்து கிளம்பி, ஏறக்குறைய ஒரு முழு வட்டம் சுற்றி, மறுபடியும் வாய் மேல்நோக்கி நிற்கும். கயிற்றில் சாலி எனப்படும் கம்பளித் தடிப்பைப் பிடித்து இழுப்பது ஹேண்ட்ஸ்ட்ரோக், கயிற்று நுனியைப் பிடித்து இழுப்பது பேக்ஸ்ட்ரோக். நான் வழக்கமாக அடிக்கும் மணி ஏறக்குறைய 350 கிலோ. அத்தனை எடையுள்ள ஒன்றை நினைத்த நேரத்தில் நிறுத்தவும் கிளப்பவும் முடியாது. சற்றுக் கூடுதலாக எழவிட்டு ஒரு கணம் தாமதிக்கலாம், அல்லது முழுவதும் எழும் முன்பே இழுத்து ஒரு கணம் முந்தலாம், அவ்வளவுதான். அதனால்தான் இந்த மணிகளில் நம் விருப்பத்துக்குப் பாட்டு வாசிக்க முடிவதில்லை. ஒரு மணி ஒரு நேரத்தில் ஓர் இடம் மட்டுமே முன்னாலோ பின்னாலோ நகரும். மிகச் சிறிய மணியான ட்ரெபிள் 1 என்றும் மிகப் பெரிய டெனர் 6 என்றும் எண்ணிட்டு, 123456 என்ற வரிசையில் இறங்கு சுரமாக அடிப்பது ரவுண்ட்ஸ். கண்டக்டர் குரல் கொடுத்து, அடுத்தடுத்த இரண்டு மணிகளை இடம் மாற்றச் சொல்வது கால் சேஞ்சஸ். (இதைத் தொலைபேசியில் சொன்னபோது, ‘மணியடிக்கும்போது காலை எதற்கு மாற்றவேண்டும்?’ என்று என் தாயார் கேட்டார்.) ஹேண்ட்ஸ்ட்ரோக்கின்போது அழைப்பு வரும், அடுத்த ஹேண்ட்ஸ்ட்ரோக்கில் மாற்றம் நடக்கும். ஆறு மணிகளும் ஒரு முறை ஒலித்து முடிய ஏறக்குறைய இரண்டு நொடி ஆகும் என்பதால், நாம் யோசிப்பதற்கு மூன்று நான்கு நொடிகள் இருக்கின்றன. கயிற்றைப் பிடித்திருக்கும்போது அது மிகக் குறைவாகத் தோன்றும். உண்மையில் போதுமான நேரம்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் 4ஆம் மணியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ரவுண்ட்ஸில் நீங்கள் பின்தொடர்வது 3ஐ. கண்டக்டர் ‘டூ டு த்ரீ’ என்கிறார். 2 நகர்ந்து 3க்குப் பின்னால் போகிறது, வரிசை 132456 ஆகிறது. உங்கள் எண்ணை யாரும் சொல்லவில்லை, உங்கள் இடமும் மாறவில்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் இருப்பவர் மாறிவிட்டார், இனி நீங்கள் 2ஐத்தான் பார்க்கவேண்டும். அடுத்து ‘ஃபோர் டு ஃபைவ்’ என்கிறார். நீங்கள் 5க்குப் பின்னால் போகிறீர்கள், வரிசை 132546. மூன்றாவதாக ‘டூ டு ஃபைவ்’ என்கிறார். 135246 என்று குவீன்ஸ் எனப் பெயர் பெற்ற வரிசை வந்துவிடுகிறது, நீங்கள் மறுபடியும் 2ஐப் பின்தொடர்கிறீர்கள். கணக்கிட்டுப் பாருங்கள்: மூன்று அழைப்புகளில் உங்கள் எண் ஒரே ஒரு முறைதான் ஒலித்தது, ஆனால் நீங்கள் பின்தொடரவேண்டியவர் மூன்று முறையும் மாறினார். ஒவ்வோர் அழைப்பிலும் இடம் மாறுகிறவர்கள் இருவர். அவர்களுக்கு அடுத்து நிற்கிற மூன்றாமவர் இடம் மாறாமல் பார்வையை மட்டும் மாற்றவேண்டியவர். கற்றுக்கொள்பவர்களில் பலர் தவறுவது அந்த மூன்றாமவராக நிற்கும்போதுதான்.

இதை எனக்கு யாரும் இப்படி விளக்கிச் சொல்லவில்லை. நான் 2023ஆம் ஆண்டு மே மாதம் மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழா நடந்தபோது, அதற்காக நாடெங்கும் புதிய மணியடிப்போரைச் சேர்த்த அழைப்பைப் பார்த்துச் சேர்ந்தவன். சோமர்செட்டில் எங்கள் ஊர்க் கோபுரத்தில் எனக்குக் கற்றுத் தந்தவர் பொறுமையின் வடிவம். மணியைக் கையாள்வதை அவரைப் போல இன்னொருவர் கற்பிக்க முடியாது. ஆனால் அழைப்புகளைப் பற்றி அவர் சொல்லித் தந்தது ஒரே ஒரு சூத்திரம்: முதலில் சொல்லப்படும் எண் தாமதிக்கவேண்டும், இரண்டாவதாகச் சொல்லப்படும் எண் முந்தவேண்டும். எங்கள் கோபுரத்தில் அது பிழையில்லாமல் பொருந்தியதால் நானும் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

2024 இலையுதிர்காலத்தில் எங்கள் குழுவினர் ஒரு சனிக்கிழமை பக்கத்து மாவட்டத்துக் கோபுரங்களுக்குச் சுற்றுலா போனோம். மூன்றாவது கோபுரத்தில் அந்த ஊர்க் கண்டக்டரே அழைப்பதாகச் சொன்னார். எனக்கு 4ஆம் கயிறு. ரவுண்ட்ஸ் மிக அழகாக அமைந்தது. பிறகு அவர் ‘த்ரீ டு ஒன்’ என்றார். என் சூத்திரத்தின்படி 3 தாமதிக்கவேண்டும், 1 முந்தவேண்டும். ஆனால் முதலாவதாக ஒலிக்கும் மணி இன்னும் எதை முந்துவது? நான் அதை யோசித்து முடிப்பதற்குள் வரிசை 132456 ஆகிவிட்டது. எனக்கு முன்னால் நிற்பவர் யார் என்று தெரியாமலே, பழகிய தாளத்தை நம்பி நான்காம் இடத்தில் அடித்துக்கொண்டிருந்தேன். அடுத்து ‘ஃபைவ் டு டூ’ என்றார். என் எண் அதில் இல்லை என்ற நிம்மதியோடு அதே இடத்தில் அடித்தேன். 5ஆம் மணியும் அதே இடத்தில் வந்து விழுந்தது. இரண்டு மணிகள் ஒன்றாக ஒலித்து, அடுத்த இடம் வெறுமையாகக் கிடப்பதைக் கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர்கூடக் கேட்கமுடியும். கண்டக்டர் ‘ஃபோர், ஆஃப்டர் த ஃபைவ்’ என்று ஒரு முறை சொன்னார், இரண்டாம் முறை சற்று உரக்கச் சொன்னார், பிறகு ‘ஸ்டாண்ட்’ என்று எல்லோரையும் நிறுத்திவிட்டார். நான் கயிற்றைக் கட்டிவிட்டுப் படியிறங்கும்போது, பின்னாலிருந்து ஒருவர் இன்னொருவரிடம் ‘ஃபோர் தூங்கிவிட்டது’ என்று சொன்னது காதில் விழுந்தது. தூங்கவில்லை என்று திரும்பிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் மேல்நோக்கி அழைப்பார்கள். அதாவது பின்னுக்குப் போகும் மணியை முதலில் சொல்லி, அது எதைப் பின்தொடரவேண்டும் என்பதை அடுத்துச் சொல்வார்கள். அந்த ஊரில் கீழ்நோக்கி அழைப்பார்கள். முன்னுக்கு வரும் மணியை முதலில் சொல்லி, அது இனி எதைப் பின்தொடரும் என்பதை அடுத்துச் சொல்வார்கள். ரவுண்ட்ஸிலிருந்து குவீன்ஸுக்கு அவர்கள் போகும் வழி ‘த்ரீ டு ஒன்’, ‘ஃபைவ் டு டூ’, ‘ஃபைவ் டு த்ரீ’. வரிசைகள் மூன்றும் எங்கள் ஊரில் வருபவையே. ஆனால் 4 என்ற எண் ஒரு முறைகூட ஒலிக்காது. நான் பின்தொடரவேண்டியவர் மூன்று முறையும் மாறுகிறார், இடையில் ஒரு முறை நானே ஓர் இடம் பின்னுக்குப் போகவேண்டியிருக்கிறது, இருந்தும் யாரும் என்னை அழைப்பதில்லை.

எந்த முறை சிறந்தது என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. அந்த வாதத்தில் இறங்குகிறவர்கள் கோபுரத்தை விட்டு இறங்குவதற்கு இரவாகிவிடும். இரண்டு முறைகளுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது: முதலில் சொல்லப்படும் மணி, இரண்டாவதாகச் சொல்லப்படும் மணியைப் பின்தொடரும். யார் தாமதிப்பது, யார் முந்துவது என்பதெல்லாம் அதிலிருந்து தானாக வரும், வரிசை முழுவதும் நம் மனத்தில் இருந்தால். அதை மனத்தில் வைத்திருப்பது கண்டக்டரின் வேலை, கற்றுக்கொள்பவருக்கு அது சுமை என்று அனுபவசாலிகள் சிலர் இதற்கு மறுப்பு எழுதக்கூடும். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. எட்டு அல்லது பத்து மணிகளில் நானும் அதைக் கேட்கமாட்டேன். ஆறு மணிகளில் முடியும் என்பதே என் அனுபவம், அதுவும் கோபுரத்தில் கற்றால் முடியாது, வீட்டில் கற்றால் முடியும்.

நான் கற்றது ஆறு எவர்சில்வர் டம்ளர்களைக் கொண்டு. அடியில் எண் எழுதி ஒட்டி, உணவு மேசையில் வரிசையாக வைத்து, என் மகளை அழைப்பு கொடுக்கச் சொன்னேன். அவள் ஒவ்வோர் அழைப்புக்கும் டம்ளரை நகர்த்துவாள். நான் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, 4க்கு முன்னால் எது என்று மட்டும் சொல்லவேண்டும். முதல் வாரம் பத்தில் நான்கு சரியாக வந்தது. பிறகு எண்களைக் கணக்கிடுவதை விட்டுவிட்டு, பேருந்து நிறுத்தத்து வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்ப்பதுபோல, ‘இப்போது என் முன்னால் யார்?’ என்ற ஒரே கேள்வியை ஒவ்வோர் அழைப்பிலும் கேட்டுக்கொண்டேன். விடை ‘மாறவில்லை’ என்று வந்தாலும் கேட்பதை நிறுத்தவில்லை. மூன்று வாரத்தில் தேறியது. மகள் இரண்டே நாளில் தேறிவிட்டாள் என்பதை இங்கே பதிவு செய்யாவிட்டால் அவள் என்னிடம் சண்டைக்கு வருவாள்.

யார் என்று தெரிந்தபின் அவரைக் கண்ணால் கண்டுபிடிப்பது தனித் திறமை; அதை ரோப்சைட் என்பார்கள். கயிறுகள் பெரும்பாலும் கடிகார முள் திசையில் எண் வரிசையாக வட்டத்தில் தொங்கும் என்பதால், அழைப்பு வந்தவுடன் அந்த ஆள் எங்கே நிற்கிறார் என்று முகத்தைப் பார்த்துவிடுங்கள். பிறகு அவருடைய கைகள் இறங்கத் தொடங்குவதைக் கவனியுங்கள். ஒரே கயிற்றை முறைத்துப் பார்க்காமல் வட்டம் முழுவதையும் பார்வையில் வைத்திருப்பது நல்லது. இடம் மாறும்போது ஒரே ஓர் அடியில் மட்டும் தாமதித்தோ முந்தியோ நகர்ந்துவிட்டு, உடனே பழைய தாளத்துக்குத் திரும்பிவிட வேண்டும். தொடர்ந்து தாமதித்துக்கொண்டே போய் அடுத்த இடத்துக்கும் சென்றுவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. இன்னொன்று: சிறிய மணி பெரிய மணியைப் பின்தொடரும்போது கண்ணுக்கு நீண்ட இடைவெளி தெரியும், ஏனெனில் பெரிய மணி சுற்றிவர அதிக நேரம் எடுக்கும். கண் சொல்வதை நம்பி நெருக்கி இழுத்தால் அடி முந்தி விழும். அங்கே காதுதான் தீர்ப்புச் சொல்லவேண்டும்.

இனி என் மனக்குறை ஒன்று. கேட்காததைச் சொல்வதற்கு மன்னிக்கவும். மெத்தட் அடிப்பவர்களில் சிலர், அதாவது ஃபேபியன் ஸ்டெட்மன் என்பவர் 1677இல் மணியடிப்பு பற்றிய தம் நூலை எழுதிய காலத்திலிருந்து வளர்ந்துவந்த முறைப்படி ஒவ்வொரு வரிசையையும் மாற்றி மாற்றி அடிப்பவர்கள், கால் சேஞ்சஸை அரிச்சுவடி என்று நினைக்கிறார்கள். ‘இன்னும் அதில்தான் இருக்கிறீர்களா?’ என்று கேட்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். ஆறு மணிகளில் 720 வரிசைகளையும் ஒன்றுகூடத் திரும்ப வராமல் அடிப்பது பெரிய வித்தை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் டெவன் மாவட்டத்துக்குப் போய்க் கேட்கவேண்டும். அங்கே கால் சேஞ்சஸ் ஒரு முழுக்கலை; அதை அடிப்பவர்களுக்கென்றே 1925இல் டெவன் அசோசியேஷன் ஆஃப் ரிங்கர்ஸ் என்ற சங்கம் தொடங்கப்பட்டது. போட்டிகளில், வாய் கீழ்நோக்கித் தொங்கும் மணிகளை ஒன்றாக மேலே எழுப்புவதிலிருந்து மீண்டும் ஒன்றாக இறக்குவது வரை நடுவர்கள் பிழைகளை எண்ணுகிறார்கள், பிழை குறைந்தவர்கள் வெல்கிறார்கள். வரிசை அடுத்த அழைப்பு வரும் வரை மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால், ஓர் அடி சற்றே பிசகினாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு முறை கல்லறைத் தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். ஆறு பேர் அடிக்கிறார்கள் என்றே தோன்றவில்லை.

‘சர்ச்சில் மணியடிக்கத்தான் லண்டன் போனாயா?’ என்று கேட்கும் உறவினர்களுக்கு (அவர்களுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான்) நான் பதில் சொல்வதை விட்டு நாளாகிறது. மதம் மாறிவிட்டேனா என்று கேட்கவேண்டாம்; மணியடிக்கிற எல்லோரும் வழிபாட்டுக்கு வருவதில்லை, எங்கள் குழுவிலேயே பாதிப்பேர் மணியை இறக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

2025 வசந்தத்தில் அதே கோபுரத்துக்கு மறுபடியும் போனோம். அதே கண்டக்டர் எனக்கு அதே 4ஆம் கயிற்றைக் கொடுத்தார். வேண்டுமென்றே கொடுத்தாரா என்று கேட்கத் துணிவு இல்லை. ‘த்ரீ டு ஒன்’ என்றார். என் பார்வையை 2க்கு மாற்றினேன். ‘ஃபைவ் டு டூ’ என்றார். மணியை ஒரு கணம் கூடுதலாக எழவிட்டு, 5ஐ உள்ளே வரவிட்டு, அதன் பின்னால் அடித்தேன். ‘ஃபைவ் டு த்ரீ’ என்றார், மறுபடியும் 2. குவீன்ஸில் சில நிமிடங்கள் நின்றுவிட்டு வந்த வழியே ரவுண்ட்ஸுக்குத் திரும்பி, ‘ஸ்டாண்ட்’ என்றார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் பக்கத்தில் நின்ற பெண்ணிடம், அடுத்த சுற்றுக்கு ட்ரெபிளை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்.