கடன் வாங்கி பொறியியல் வேண்டாம், சார்

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு சமஸ்கிருதம்தான் படிப்பேன் என்று அடம் பிடிக்கிறாள், சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை புரிகிறது. ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்கலாமா என்று கேட்கிறீர்களே, அதற்கு ஒரே பதில்தான்: வைக்காதீர்கள். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினாலே வங்கிகள் பெரும்பாலும் அடமானம் கேட்கும். அவளுக்குப் பிடிக்காத படிப்புக்கு அந்த வட்டியைக் கட்டப்போவது நீங்கள், யோசனை சொன்ன பெரியப்பா அல்ல.

அவளுடைய நோட்டைப் படம் எடுத்து அனுப்பி, "ஒரே வினைச்சொல்லை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுகிறாள்" என்று புலம்பியிருந்தீர்கள். அதை நிதானமாகப் படித்தேன். 'ஹ்ரு' என்ற வினையடி; எடுத்துச் செல்வது அதன் அடிப்படைப் பொருள். முன்னால் 'ஆ' வந்தால் ஆகாரம், 'பரி' வந்தால் பரிகாரம், 'சம்' வந்தால் சம்ஹாரம். விவகாரமும் உதாரணமும்கூட அதே அடியில் பிறந்தவைதான். இத்தனை பொருளும் வினைக்குள்ளேயே இருக்கின்றனவா, முன்னொட்டு கொண்டுவருகிறதா என்று கடைசியில் கேட்டிருக்கிறாள். சார், வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூலான யாஸ்கரின் நிருக்தத்தில், சாகடாயனர், கார்க்கியர் என்ற இரண்டு இலக்கண அறிஞர்கள் எதிரெதிர்க் கட்சியாக நின்ற கேள்வி இது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பள்ளி மாணவி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். இதையா பைத்தியம் என்கிறீர்கள்?

ஆசிரியர் வேலை, குடிமைப் பணித் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரிந்த வழிகள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: அகராதியியல், அதாவது அகராதி உருவாக்கும் துறை.

புனே டெக்கான் கல்லூரியில் 1948-இல் தொடங்கிய சமஸ்கிருதப் பேரகராதித் திட்டம் இன்றும் நடக்கிறது. ரிக்வேதம் தொடங்கி இலக்கியம், மருத்துவம், தர்க்கம், கணிதம் என்று ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து மேற்கோள்களைச் சீட்டுகளில் எழுதி அடுக்கியிருக்கிறார்கள். சுமார் ஒரு கோடிச் சீட்டுகள். ஒரு சொல்லின் சீட்டுகளைக் கால வரிசையில் பரப்பி, எந்தப் பொருள் முதலில் வந்தது, எது எந்தத் துறையில் கிளைத்தது, இரண்டு சீட்டுகள் சொல்வது ஒரே பொருளா வெவ்வேறா என்று தீர்மானிப்பதுதான் அங்கே வேலை. உங்கள் மகள் நோட்டில் செய்வதும் அதுதான். 35 தொகுதிகள் வந்த பின்னும் 'அ' எழுத்து முடியவில்லை. (அவளுக்குப் பிடித்த 'ஹ்ரு' தொடங்கும் 'ஹ' சமஸ்கிருத வரிசையில் கடைசி எழுத்து, அதற்கு எத்தனை தலைமுறை ஆகுமோ!) அந்தக் கல்லூரியிலேயே சமஸ்கிருதமும் அகராதியியலும் சேர்ந்த துறை இருக்கிறது. கணினிப் பக்கம் ஆர்வம் வந்தால், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சமஸ்கிருதத் துறையில் மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆய்வு நடக்கிறது. ஒரு வினைக்கு எந்த வாக்கியத்தில் எந்தப் பொருள் என்பது அங்கேயும் பெரிய தலைவலி.

பணியிடங்கள் மிகக் குறைவு என்பதை மறைக்கமாட்டேன். பி.ஏ.வோடு நிறுத்தினால் இந்த வழி இல்லை. எம்.ஏ., அப்புறம் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி தரும் நெட் தேர்வு வரை போக வேண்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வுக் காலத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும். கிடைக்காமலும் போகலாம். அதனால்தான் பி.ஏ.வை அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில், கடன் இல்லாமல் படிக்கட்டும் என்கிறேன். கூடவே பைதான் என்ற கணினி நிரல் மொழியும் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதவும் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த இரண்டிலும் அவளுக்குச் சலுகை கொடுக்காதீர்கள்.

பெரியப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அவளை அனுப்பாதீர்கள். பொறியியல் சீட்டுக்கு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால், திரும்பப் பெறக் கடைசித் தேதி என்ன என்று இந்த வாரமே விசாரியுங்கள்.