மலைச்சரிவில் குறி தப்புவது ஏன்?

கேள்வி: நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் வசிக்கிறேன். உரிய உரிமம் பெற்று, தென் ஆல்ப்ஸ் மலைக்கு இமாலய வரையாடு வேட்டைக்குச் செல்வதுண்டு. சுடுதளத்தில் மேசைமேல் துப்பாக்கியைத் தாங்கிச் சுட்டால் 300 மீட்டரிலும் குறி பிசகுவதில்லை. மலையிலோ அதே தூரத்தில் தோட்டா எங்கோ போகிறது. நிற்கும் நிலையை எப்படித் திருத்திக்கொள்வது?

பதில்: அந்தத் தூரத்தில் நின்றபடி சுடவே வேண்டாம். துப்பாக்கி ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அசைந்தாலே 300 மீட்டரில் தோட்டா ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் விலகிவிடும். நிற்கும் உடலோ அதைவிடப் பல மடங்கு ஆடும். இதுவரை உங்கள் உடலின் குறைகளையெல்லாம் மேசை மறைத்து வந்திருக்கிறது.

இடம் கிடைத்தால் குப்புறப் படுத்து, முதுகுப்பையை முன்கட்டையின் (குழலுக்குக் கீழே உள்ள கட்டைப்பகுதியின்) அடியில் வையுங்கள்; குழல் எதன்மீதும் படக் கூடாது. தோளில் பதியும் பின்கட்டையின் கீழே அரிசி நிரப்பிய ஒரு காலுறையை வைத்து, அதை இடக்கையால் அழுத்தியும் தளர்த்தியும் உயரத்தைச் சரிசெய்யலாம். பிறகு குறிபார்த்து, கண்களை மூடி, இரண்டு முறை மூச்சிழுத்து விட்டுக் கண்களைத் திறந்து பாருங்கள். ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியில், தெரியும் குறுக்கிழை ஆட்டைவிட்டு விலகியிருந்தால், நீங்கள் தசையின் பலத்தால்தான் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று பொருள். அப்போது கையால் இழுத்துத் திருத்தாமல், இடுப்பை நகர்த்தி உடல் முழுவதையும் திருப்புங்கள். கண்களைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இழை தானாகவே குறியில் நிற்கும்வரை இதைச் செய்யாமல் விசையைத் தொட வேண்டாம். பெரும்பாலோர் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான்.

சரிவு செங்குத்தாக இருந்தால் உட்கார்ந்து சுடலாம். அப்போது முழங்கையின் முனை முழங்கால் சில்லின்மேல் படாமல், முழங்கைக்குச் சற்று மேலுள்ள சதைப்பகுதி முழங்காலின் உட்புறத்தில் பதிய வேண்டும். எலும்பும் எலும்பும் உரசினால் உருளும்.

மூச்சை வெளிவிட்டபின் இயல்பாக வரும் இடைவெளியில் விசையை நேர்ப்பின்னாக, சீராக அழுத்துங்கள். சில நொடிகளுக்குமேல் மூச்சை அடக்கினால் பார்வை மங்கும். அதற்குள் வெடிக்காவிட்டால் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். வெடித்த பின்னும் விரலை உடனே எடுக்காமல் ஸ்கோப்பிலேயே கண்ணை வைத்திருங்கள். உடல் துப்பாக்கிக்கு நேர் பின்னால் இருந்தால், உதைப்பு அடங்கும்போது ஆடு இன்னும் கண்ணாடிக்குள்ளேயே தெரியும்.

மலைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. தோட்டாவின் இறக்கத்தைச் சரிவுத் தூரம் அன்றிக் கிடைமட்டத் தூரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ 30 பாகைச் சரிவில் 300 மீட்டர் என்றால், குறியை ஏறத்தாழ 260 மீட்டருக்கு உரிய அளவு உயர்த்தித் திருத்தினாலே போதும். முழுத் தூரத்துக்கும் திருத்தினால் தோட்டா ஆட்டின் முதுகுக்குமேல் போய்விடும்.

1904இல் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட இந்த ஆடுகள் பெருகி மலைத் தாவரங்களை அழிக்கின்றன என்பதால் வேட்டை அனுமதிக்கப்படுகிறது. காயம்பட்ட ஆடு பாறையிடுக்கில் கிடந்து சாவதற்கு அந்த அனுமதி சமாதானம் ஆகாது. ஆகவே அடுத்த முறை சுடுதளத்தில் மேசையை விட்டுத் தரையில், முதுகுப்பையின்மேல் பயிலுங்கள். குழல் சூடேறுமுன் சுடும் முதல் தோட்டா எந்தத் தூரம்வரை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் தவறாமல் விழுகிறதோ, அதுவே மலையில் உங்கள் எல்லை. அது 180 மீட்டர் என்று தெரிந்தால், மீதித் தூரத்தை நடந்து குறையுங்கள்.